புதிய நகரத்தில் மெட்ரோ, பஸ்: முதல் நாளிலிருந்தே தடுமாறாமல் பயணிக்க முழுமையான வழிகாட்டி

பெருநகரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில்தான்: டிக்கெட் கதவின் முன், நடைமேடைகள் இரண்டாகப் பிரியும் படிக்கட்டில், நிலையத்தைவிட்டு வெளியேறும் வழியில், இரவு கடைசி வண்டியின் நேரத்தில். தெரியாத நகரங்களில் தனியாகச் சுற்றியபோதும், உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு சுற்றியபோதும் இந்த நான்கையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்துகொண்டு போனால் நான்கையும் கடந்துவிடலாம். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் கிடைத்த விவரத்தை நம்பியிருக்கிறது.

1. கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

தங்கும் இடத்தின் முகவரி எல்லோரிடமும் இருக்கும். அதற்கு அருகிலுள்ள நிலையத்தின் பெயர், அங்கே நிற்கும் தடங்கள், வெளியே வர வேண்டிய வாசலின் எண், கடைசி வண்டி அங்கே வந்துசேரும் நேரம் ஆகிய நான்கும் பலரிடம் இருப்பதில்லை. இவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி, உடன் வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். நாள் முழுக்க வழி தேடிய கைபேசி இரவில்தான் அணைந்துபோகும். தாள் தேவைப்படுவதும் அப்போதுதான்.

நிலையத்தின் பெயரை அந்த ஊர் எழுத்திலும் எழுதுங்கள், அல்லது அச்சிட்டு ஒட்டுங்கள். தெரியாத மொழியின் பெயரை நாம் உச்சரிக்கும் விதம் அந்த ஊர்க்காரருக்குப் புரியாமல் போகலாம். எழுத்தைக் காட்டினால் உடனே கை நீட்டி வழி சொல்வார்.

கூகுள் மேப்ஸில் நகரத்தின் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே எல்லாம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தெருக்கள் தெரியும், ரயில், பஸ் வழிகளைத் தேட இணையம் வேண்டும். ஆகவே முதல் நாள் பயணங்களின் வழியைத் திரைப்பிடிப்பாகச் சேமித்துவையுங்கள். போக்குவரத்து நிறுவனத்தின் சொந்தத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள். பராமரிப்புக்காகத் தடம் மூடப்படும் அறிவிப்பு அங்கேதான் முதலில் வரும். பல நகரங்களில் அந்த வேலை நடப்பது வார இறுதியில், அதாவது சுற்றுலாப் பயணிகள் நகரைச் சுற்றக் கிளம்பும் நாட்களில்.

பணம் பற்றி இரண்டே செய்திகள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொடாமல் செலுத்தும் வசதியும் இயக்கத்தில் உள்ளனவா என்று வீட்டிலிருக்கும்போதே உறுதிசெய்யுங்கள். அந்த ஊர்ப் பணத்தில் கொஞ்சம் சிறிய நோட்டுகளும் சில்லறையும் கையில் இருக்கட்டும். பெரிய நோட்டை ஏற்காத டிக்கெட் இயந்திரங்களும் வெளிநாட்டு அட்டையை மறுக்கும் இயந்திரங்களும் உண்டு.

2. இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்

நிலையச் சுவரில் இருக்கும் வண்ணக் கோடுகளின் படம் தூரத்தைக் காட்டாது. எந்த நிலையத்துக்கு அடுத்து எது, எங்கே மாறலாம் என்பதை மட்டுமே காட்டும். லண்டனில் ஹாரி பெக் வரைந்த படம் 1933-ல் வெளியான பிறகு உலகின் பெரும்பாலான மெட்ரோக்கள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. நெரிசலான நகர மையம் படத்தில் விரிந்து தெரியும், புறநகர் சுருங்கிவிடும்.

இதனால் வரும் தவறு இது: லண்டனின் லெஸ்டர் ஸ்கொயருக்கும் காவன்ட் கார்டனுக்கும் இடையே ரயில் பாதை சுமார் 260 மீட்டர்தான். கீழே இறங்கி, காத்திருந்து, ஏறி, மறுபடி மேலே வருவதற்குள் நடந்தே போய்விடலாம். ஆனால் படத்தைப் பார்த்தால் மற்ற இரு நிலையங்களுக்கு இடையில் உள்ள தூரம் போலவே தெரியும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு தெரு வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரு நிறுத்தத்துக்காக இரண்டு தடம் மாற வேண்டியிருந்தால் நடப்பதே நல்லது.

ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கிறதா என்பதையும் இப்போதே கவனியுங்கள். லண்டனில் எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரில் தனித்தனியாக இரண்டு நிலையங்கள் உள்ளன. நியூயார்க்கில் '23-ஆம் தெரு' என்ற பெயரில் வெவ்வேறு தடங்களில் பல நிலையங்கள். "அங்கே சந்திப்போம்" என்று சொல்லும்போது தடத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

3. டிக்கெட் வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். இயந்திரத்தின் முன் நின்று, பின்னால் வரிசை நீளும்போது முடிவெடுத்தால் தவறான டிக்கெட்டைத்தான் வாங்குவோம். முதல் நாள் இரவே இந்த மூன்றுக்கும் பதில் தேடிவிடுங்கள்.

முதல் கேள்வி: கட்டணம் ஒரே அளவா, தூரத்தைப் பொறுத்ததா? நியூயார்க்கின் மெட்ரோவான சப்வேயில் ஏறும்போது ஒருமுறை அட்டையைக் கருவியில் தொட்டால் போதும், வெளியேறும்போது வேண்டியதில்லை. லண்டனின் மெட்ரோவான டியூபில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொட வேண்டும். ஆனால் அதே நகரத்தின் பஸ்ஸில் ஏறும்போது மட்டும்தான். சிங்கப்பூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் தொட வேண்டும். காரணம் எளிது: தூரத்துக்கு ஏற்ப வசூலிக்க வேண்டுமானால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மிக நீண்ட பயணத்துக்கான தொகையை எடுத்துக்கொள்ளும். கதவே இல்லாத சிறிய நிலையங்களில் தொடும் கருவி ஒரு தூணில் தனியாக நிற்கும். தடுக்கக் கதவு இல்லையே என்று அதைக் கடந்து போய்விடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: இந்த டிக்கெட் எந்தெந்த வண்டியில் செல்லும்? டோக்கியோவில் டோக்கியோ மெட்ரோ, தோயெய், ஜேஆர் என்று வெவ்வேறு நிறுவனங்கள் ரயில் ஓட்டுகின்றன. டோக்கியோ மெட்ரோவின் 24 மணி நேர டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஜேஆர் ரயிலில் போக முடியாது. பாரிஸில் மெட்ரோவுக்கு வாங்கிய ஒற்றைப் பயண டிக்கெட் பஸ்ஸில் செல்லாது. "ஒரே நகரம்தானே" என்ற நினைப்புதான் இங்கே நம்மை ஏமாற்றும்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு நேரம், எந்தத் திசையில் செல்லும்? பெர்லினில் ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஆனால் ஒரே திசையில்தான். அதே டிக்கெட்டில் போய்த் திரும்ப முடியாது. அங்கே நிலையத்தில் தடுப்புக் கதவுகளே இல்லை. காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் பரிசோதகர் பார்வையில் அது டிக்கெட் இல்லை. தெரியாமல் செய்தேன் என்றாலும் அபராதம் அபராதம்தான்.

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, நாள் முழுக்கச் செல்லும் நாள் அட்டை வாங்குவதா என்று பாருங்கள். அந்த நாளில் எத்தனை முறை ஏறப்போகிறீர்கள் என்று விரல்விட்டு எண்ணி, ஒற்றைக் கட்டணத்தால் பெருக்குங்கள். பாதி நாள் ஒரே அருங்காட்சியகத்தில் கழியப்போகிறது என்றால் நாள் அட்டை வீண். லண்டன் போன்ற நகரங்களில் வங்கி அட்டையையே தொட்டுப் பயணிக்கலாம். நாளின் மொத்தம் ஒரு உச்சவரம்பைத் தொட்டபின் மேலும் பணம் எடுக்காது. ஆனால் காலையில் அட்டையையும் மாலையில் அதே அட்டை ஏற்றப்பட்ட கைபேசியையும் தொட்டால் இரண்டும் இரண்டு பயணிகளாகக் கணக்காகும், உச்சவரம்பும் கிடைக்காது. உள்ளே போகும்போது எதைத் தொட்டீர்களோ, வெளியே வரும்போதும் அதையே தொடுங்கள்.

தொடும் முறையில் பல நகரங்களில் ஒருவருக்கு ஓர் அட்டை. என் சித்தப்பாவும் சித்தியும் முதன்முறை வெளிநாடு வந்தபோது சித்தப்பா தன் அட்டையைத் தொட்டு உள்ளே போனார். கதவு மூடுவதற்குள் கையைப் பின்னால் நீட்டி அட்டையைச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி தொட்டதும் சிவப்பு விளக்கு. மறுபடி தொட்டார், மறுபடி சிவப்பு. பின்னால் அலுவலகம் போகிறவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். சித்தியின் கைப்பை தோளிலிருந்து நழுவ, அதைப் பிடிக்கப் போய் அட்டை கீழே விழுந்தது. அந்த அரை நிமிடப் பதற்றத்தில் அன்றைய பாதி உற்சாகம் போய்விட்டது. அன்றிலிருந்து யாரை அழைத்துப்போனாலும் கதவுக்குப் பத்தடி முன்பே நிற்கவைத்து, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். பர்ஸிலிருந்து அட்டையைத் தனியே எடுத்துவிடுங்கள். இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தால் கருவி தவறான அட்டையைப் படிக்கக்கூடும்.

4. முதல் பயணம் ஓர் ஒத்திகை

வந்துசேர்ந்த நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில், இரண்டே நிறுத்தம் போய்த் திரும்பி வாருங்கள். எங்கும் போய்ச்சேர வேண்டிய அவசரம் இல்லாததால் பலகைகளை நின்று படிக்கலாம்; கதவு எப்படித் திறக்கிறது, எந்தப் பக்கம் இறங்குகிறார்கள், அறிவிப்பு எந்த மொழியில் வருகிறது என்று பார்க்கலாம். சில நகரங்களின் வண்டிகளில் கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும். இதை விமான நிலையம் போகும் நாளில் கற்றுக்கொள்ளக் கூடாது.

காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் பெரும்பாலான நகரங்களில் நெரிசல் நேரம். டெல்லி மெட்ரோ போல நுழைவாயிலில் பையைச் சோதிக்கும் இடங்களில், நெரிசல் நேரத்தில் சோதனைக்கான வரிசையே நீண்டுவிடும். வழிகாட்டும் செயலி சொல்லும் பயண நேரத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. தடத்தின் நிறத்தைவிட முனையத்தின் பெயர் முக்கியம்

"நீலத் தடம்" என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போகிறவர் படிக்கட்டின் முன் நின்றுவிடுவார். இரண்டு பக்கமும் நீலம்தான். பலகையில் எழுதியிருப்பது தடத்தின் கடைசி நிலையத்தின் பெயர். நீங்கள் இறங்கப்போகும் நிலையத்தின் பெயர் அங்கே இருக்காது. ஆகவே வழியை எழுதும்போது தடம், முனையம், இறங்கும் இடம் என்ற மூன்றையும் எழுதுங்கள். கூடவே, இறங்கும் இடத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் எழுந்து கதவருகே போகலாம்.

நியூயார்க்கில் சில நிலையங்களில் ஒரு திசைக்கு ஒரு வாசல், எதிர்த்திசைக்குச் சாலையின் மறுபக்கம் இன்னொரு வாசல். உள்ளே போனபின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழி இருக்காது. தவறான வாசலில் நுழைந்தால் வெளியே வந்து மறுபடி பணம் கொடுக்க நேரிடும். அட்டையைத் தொடுவதற்கு முன்பே வாசல் பலகையைப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

தடம் கிளைவிடுகிறதா என்று அடுத்துப் பாருங்கள். லண்டனின் நார்தர்ன் தடம் நகர மையத்தில் இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை பேங்க் வழியாக, மற்றது சேரிங் கிராஸ் வழியாக. ஒரே நடைமேடையில், ஒரே நிறத்தில், இரண்டு நிமிட இடைவெளியில் வரும் இரு வண்டிகள் வெவ்வேறு இடங்களுக்குப் போகலாம். வண்டியின் நெற்றியிலும் நடைமேடைத் திரையிலும் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஏறாதீர்கள்.

கடைசியாக, எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியா, விரைவு வண்டியா? நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 81-ஆம் தெரு நிலையத்தில் இருக்கிறது. 59-ஆம் தெருவில் 'ஏ' விரைவு வண்டியில் ஏறிவிட்டால் 81-ஆம் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்; வண்டி அடுத்து நிற்பது 125-ஆம் தெருவில். வந்த வண்டியில் ஏறிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தவறான வண்டியில் ஏறித் திரும்புவதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது ஒன்றுமே இல்லை.

6. தடம் மாறும் இடம்

படத்தில் ஒரு சிறு வட்டமாகத் தெரியும் மாற்று நிலையம் நிஜத்தில் பத்து நிமிட நடையாக இருக்கலாம். இரண்டு வழிகள் இருந்து நேரம் கிட்டத்தட்ட ஒன்றென்றால், மாறுதல் குறைவான வழியையே எடுங்கள். ஒவ்வொரு மாறுதலும் தவறாகத் திரும்ப ஒரு வாய்ப்பு.

வண்டியைவிட்டு இறங்கியதும் கூட்டத்தோடு நடக்காதீர்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே போகிறவர்கள். ஓரமாக நின்று, அடுத்த தடத்தின் பலகையைக் கண்டுபிடித்த பிறகு நடங்கள். வழியில் டிக்கெட் கதவு குறுக்கே வந்தால் நின்று பாருங்கள்: மாறுவதற்கு அதைக் கடக்க வேண்டுமா, கடந்தால் பயணம் முடிந்ததாகக் கணக்காகிவிடுமா? சந்தேகம் இருந்தால் அங்கே நிற்கும் ஊழியரைக் கேட்டுவிடுங்கள்.

பெட்டிகளோடோ, முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடோ, குழந்தைத் தள்ளுவண்டியோடோ போகிறவர்கள் லிஃப்ட் இருக்கும் நிலையங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். பல பழைய மெட்ரோக்களில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது. ஏறும் இடத்தில் லிஃப்ட் இருப்பது மட்டும் போதாது. மாறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் இருக்க வேண்டும். பெரியவர்களை அழைத்துப்போகும்போது வேகமான வழியை விட்டுவிட்டுப் படிக்கட்டு இல்லாத வழியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். இருபது நிமிடம் கூடுதலானாலும் அவர்கள் மாலைவரை நடக்கத் தெம்போடு இருப்பார்கள்.

7. பஸ்ஸைத் தவிர்க்காதீர்கள்

மெட்ரோ பழகியவர்கள் பஸ்ஸுக்கு அஞ்சுகிறார்கள். நகரம் கண்ணுக்குத் தெரிவது பஸ்ஸில்தான், படிக்கட்டும் குறைவு. ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

எந்தக் கதவில் ஏறுவது, எப்போது பணம் கொடுப்பது? லண்டனில் முன்பக்கம் ஏறி அப்போதே அட்டையைத் தொட வேண்டும், ரொக்கம் வாங்கமாட்டார்கள். கியோட்டோ நகரப் பஸ்களில் பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கும்போது கட்டணம் செலுத்துவது வழக்கம். குழப்பமாக இருந்தால் முதல் ஆளாக ஏறாமல் இரண்டு பேரை முன்னே விட்டு அவர்கள் செய்வதைப் பாருங்கள்.

நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கம்? இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். அந்த நாட்டில் வாகனங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, நீங்கள் போகும் திசையில் ஓடும் வாகனங்களின் ஓரத்தில் நில்லுங்கள். பெரிய சந்திப்புகளில் ஒரே பெயரில் நான்கைந்து நிறுத்தங்கள் இருக்கும். கம்பத்தில் உள்ள எழுத்தையோ எண்ணையோ செயலியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

பஸ் வரும்போது கையைக் காட்டுங்கள். ஏறியபின் கைபேசி வரைபடத்தில் உங்கள் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு நிறுத்தம் முன்பே மணிப் பொத்தானை அழுத்துங்கள். யாரும் அழுத்தாவிட்டால் நிற்காமலே போய்விடும் பஸ்கள் பல நகரங்களில் உண்டு.

8. வெளியேறும் வாசலின் எண்

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால், அடைய வேண்டிய இடம் வரைபடத்தில் அருகில் தெரிந்தும் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடக்க நேரலாம். சியோலில் வாசல்களுக்கு எண், ஹாங்காங்கில் எழுத்து. உள்ளூர்க்காரர்கள் வழி சொல்வதே வாசல் எண்ணிலிருந்துதான் தொடங்கும். முகவரியோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

நடைமேடையிலேயே வாசல் எண்ணைத் தேடத் தொடங்குங்கள். மேலே வந்தபின் தேடினால் தாமதம். தெருவுக்கு வந்ததும் உடனே நடக்காதீர்கள். பூமிக்கு அடியிலிருந்து வரும்போது கைபேசியின் திசை காட்டி நிதானத்துக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். ஒரு கட்டடத்தின் பெயரையோ தெருப் பலகையையோ படித்து, அதை வரைபடத்தில் பார்த்தபின் அடி எடுத்துவையுங்கள். அந்த வாசலைத் திரும்பிப் பார்த்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தேடும்போது உதவும்.

9. கடைசி வண்டியைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்

நியூயார்க் சப்வே 24 மணி நேரமும் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மற்ற பெருநகரங்களும் அப்படித்தான் என்று எண்ணக் கூடாது. டோக்கியோவில் நள்ளிரவு 12 மணியை ஒட்டித் தடங்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும்; மறுபடி தொடங்குவது காலை 5 மணி அளவில். லண்டனில் இரவு முழுக்க ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில், சில தடங்களில் மட்டும்.

இரண்டு தடம் மாற வேண்டியிருந்தால் முதல் தடத்தின் கடைசி வண்டி நேரம் பயன்படாது. அதில் ஏறி மாறும் நிலையத்துக்கு வரும்போது இரண்டாவது தடத்தின் கடைசி வண்டி போயிருக்கும். கணக்கைத் தங்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: அங்கே வந்துசேரும் கடைசி வண்டி எப்போது, அதைப் பிடிக்க மாறும் நிலையத்தில் எப்போது இருக்க வேண்டும், அதற்கு இங்கிருந்து எப்போது ஏற வேண்டும். கிடைக்கும் நேரத்திலிருந்து அரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: வெள்ளி இரவு 12.20-க்கு வரும் வண்டி நாட்காட்டிப்படி சனிக்கிழமை. ஆனால் அட்டவணையில் அது வெள்ளிக்கிழமையின் கடைசி வரியில்தான் இருக்கும். ஜப்பானில் அதை 24.20 என்று எழுதுவதும் உண்டு. வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் அட்டவணை வேறு என்பதால் எந்த நாளின் அட்டவணையைப் படிக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

10. தவறு நேர்ந்துவிட்டால்

நிறுத்தத்தைத் தவறவிட்டால் பதறி எழுந்து கூட்டத்தைத் தள்ள வேண்டாம். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போங்கள். டிக்கெட் கதவைக் கடக்காதவரை பெரும்பாலும் கூடுதல் செலவு இல்லை.

வெளியேறும் கதவு திறக்காவிட்டால் மீண்டும் மீண்டும் தொடாதீர்கள். அட்டையில் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஓரத்தில் ஊழியர் இருக்கும் அகலமான கதவுக்குப் போய் அட்டையைக் கொடுங்கள். எங்கே ஏறினீர்கள் என்று சொன்னால் போதும். தொட மறந்து அதிகக் கட்டணம் போயிருந்தாலும் பல நிறுவனங்கள் விசாரித்துத் திருப்பித் தருகின்றன. அதற்காகத் தேதி, நேரம், நிலையம் மூன்றையும் அன்றே குறித்துவையுங்கள்.

குழுவாகப் போனால், கதவு மூடி ஒருவர் நடைமேடையிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசிவையுங்கள். நான் சொல்லிக்கொடுப்பது இது: வண்டிக்குள் இருப்பவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நடைமேடையில் நின்றவர் அதே திசையின் அடுத்த வண்டியில் வந்து அங்கே இறங்க வேண்டும். யாரும் திரும்பிப் போகக் கூடாது. இருவருமே ஒருவரையொருவர் தேடிப் புறப்பட்டால் எதிரெதிர் வண்டிகளில் கடந்து போவார்கள், சுரங்கத்துக்குள் கைபேசியும் வேலை செய்யாமல் போகலாம். குழந்தைகள் உடனிருந்தால் வண்டி வருவதற்கு முன்பே இதை அவர்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லவையுங்கள்.